ஸ்வீடன் தொழிலாளர் இயக்கமும் ஜனநாயக சோசலிசமும் (1879 – 1991)

ஆயுதப் புரட்சியை நாடாமல், வாக்குச்சீட்டின் வழியாகவும் தொழிற்சங்கங்களின் கூட்டுப் பேரத்தின் வழியாகவும் சமுதாயத்தைப் படிப்படியாக மாற்றலாம் என்னும் கொள்கை ஜனநாயக சோசலிசம் எனப்படும். இக்கொள்கையை மிக நீண்ட காலம் நடைமுறையில் சோதித்துப் பார்த்த நாடுகளுள் முதன்மையானது ஸ்வீடன். 1932 முதல் 1976 வரை, 1936-இல் சில மாதங்கள் நீங்கலாக, 44 ஆண்டுகள் சமூக ஜனநாயகத் தொழிலாளர் கட்சியே அந்நாட்டின் ஆட்சிக்குத் தலைமை தாங்கியது. அக்கட்சிக்குப் பின்னால் அடித்தளமாக நின்றவை தொழிற்சங்கங்கள்.

இந்த இயக்கம் எதை வென்றது, அதற்காக எதை விட்டுக்கொடுத்தது, எந்த இடத்தில் தடைபட்டு நின்றது என்பதை இக்கட்டுரை கால வரிசையில் விளக்குகிறது.

பின்னணி

இன்று வளமான நாடாகக் கருதப்படும் ஸ்வீடன், 19-ஆம் நூற்றாண்டில் ஏழை விவசாய நாடாக இருந்தது. 1850-க்கும் 1930-க்கும் இடையில் 12 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் பிழைப்புத் தேடி வெளியேறினர். அவர்களில் பெரும்பாலோர் சென்றது வட அமெரிக்காவுக்கு. 1870-களுக்குப் பிறகு மர அறுவை ஆலைகள், இரும்புச் சுரங்கங்கள், காகிதக்கூழ் ஆலைகள் பெருகின. நிலமற்ற விவசாயக் கூலிகள் ஆலைத் தொழிலாளர்களாக மாறினர்.

1879-ஆம் ஆண்டு வடபகுதியிலுள்ள சுன்ட்ஸ்வால் வட்டாரத்தில் மர ஆலை முதலாளிகள் கூலியைக் குறைத்தனர். ஏறத்தாழ 5,000 தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களுக்குச் சங்கமும் இல்லை, போராட்ட நிதியும் இல்லை. அரசு படைவீரர்களையும் பீரங்கிப் படகுகளையும் அனுப்பியது. ஆலைக்குச் சொந்தமான வீடுகளிலிருந்து தொழிலாளர் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. வேலைநிறுத்தம் சில நாட்களில் முறிந்தது. ஆயினும், அமைப்பில்லாத கோபம் நிலைக்காது என்ற பாடத்தை அப்பகுதித் தொழிலாளர்கள் கற்றுக்கொண்டனர்.

கட்சியும் சங்கமும்

ஜெர்மனியிலும் டென்மார்க்கிலும் வேலை பார்த்துத் திரும்பிய ஆகஸ்ட் பால்ம் என்ற தையற்காரர் 1881-இல் சோசலிசக் கருத்துகளை ஸ்வீடனில் மேடையேறிப் பேசத் தொடங்கினார். 1889 ஏப்ரலில் ஸ்டாக்ஹோமில் கூடிய மாநாட்டில் சமூக ஜனநாயகத் தொழிலாளர் கட்சி நிறுவப்பட்டது. அம்மாநாட்டுக்குப் பிரதிநிதிகளை அனுப்பியவற்றுள் பெரும்பாலானவை தொழிற்சங்கங்களே. தனியே ஒரு தேசியத் தொழிற்சங்க அமைப்பு உருவாகும்வரை அந்தப் பணியையும் கட்சியே செய்தது. 1898-இல் எல்.ஓ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் தொழிற்சங்கக் கூட்டமைப்பு தோன்றிய பின், சம்பளம், வேலை நேரம், வேலை நிலைமை ஆகியவை சங்கத்தின் பொறுப்பு என்றும், சட்டம், வாக்குரிமை, ஆட்சி ஆகியவை கட்சியின் பொறுப்பு என்றும் வேலைப்பிரிவினை ஏற்பட்டது. உள்ளூர்ச் சங்கங்கள் தங்கள் உறுப்பினர்களை மொத்தமாகக் கட்சியில் சேர்க்கும் வழக்கம் 1990 வரை நீடித்தது.

கட்சியின் முதல் பெருந்தலைவர் யால்மர் பிரான்டிங். வானியல் பயின்ற இவர் பத்திரிகையாளராகி, 1896-இல் தாராளவாதிகளின் ஆதரவோடு நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார். கட்சியின் முதல் நாடாளுமன்ற உறுப்பினர் இவரே.

வாக்குரிமைப் போராட்டம்

ஆண்டுக்கு 800 குரோனா வருமானமோ, குறிப்பிட்ட மதிப்புள்ள சொத்தோ இல்லாதவர் அன்று நாடாளுமன்றத்தின் இரண்டாம் அவைக்கு வாக்களிக்க முடியாது. தொழிலாளர்களில் பெரும்பாலோர் இதனால் ஒதுக்கப்பட்டனர். உள்ளாட்சித் தேர்தல் முறை இதைவிட விசித்திரமானது. அங்கே ஒருவர் கட்டும் வரிக்கு ஏற்ப வாக்குகளின் எண்ணிக்கை கூடும். நிறுவனங்களுக்கும் வாக்கு உண்டு. 1871-இல் 54 கிராமப்புற உள்ளாட்சிகளில் ஒரே ஒருவரின் வாக்குகள், மற்ற எல்லோரின் வாக்குகளையும் சேர்த்தாலும் அதைவிட அதிகமாக இருந்தன.

வாக்குச்சீட்டின் மூலம் மாற்றம் என்று சொல்லும் கட்சிக்கு முதலில் வாக்குச்சீட்டே இல்லை என்பதுதான் நிலைமை. ஆகவே 1902 மே மாதத்தில் வாக்குரிமைக்காக மூன்று நாள் பொது வேலைநிறுத்தம் நடத்தப்பட்டது. ஏறத்தாழ 1,20,000 தொழிலாளர்கள் கலந்துகொண்டனர். இதைக் கண்டு எச்சரிக்கையடைந்த முதலாளிகள் அதே ஆண்டில் எஸ்.ஏ.எஃப். என்ற தங்கள் சங்கத்தை அமைத்துக்கொண்டனர்.

1909-இல் ஆண்களுக்குப் பரந்த வாக்குரிமை சட்டமானது. 1918 இறுதியில், ஜெர்மனியில் பேரரசு வீழ்ந்த அதிர்வுக்கு நடுவே, தாராளவாதிகளும் சமூக ஜனநாயகவாதிகளும் சேர்ந்த கூட்டணி அரசு உள்ளாட்சியின் வரிவாரி வாக்குமுறையை ஒழித்தது. பெண்களுக்கும் வாக்குரிமை வழங்க ஒப்புதல் பெற்றது. பெண்கள் முதன்முதலாக நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களித்தது 1921-இல்.

1909 பொது வேலைநிறுத்தம்

1906-இல் சங்கமும் முதலாளிகளும் ஓர் உடன்பாட்டுக்கு வந்திருந்தனர். தொழிலாளர் சங்கம் சேரும் உரிமையை முதலாளிகள் ஏற்றனர். அதற்கு ஈடாக, வேலையை நிர்வகிப்பதும் ஆட்களை அமர்த்துவதும் நீக்குவதும் முதலாளியின் உரிமை என்று சங்கம் ஒப்புக்கொண்டது. இந்த இரண்டாவது பகுதி அடுத்த எழுபது ஆண்டுகள் தொழிலாளரை உறுத்திக்கொண்டே இருந்தது.

1909-இல் பொருளாதார மந்தத்தின்போது முதலாளிகள் கூலியைக் குறைக்க முனைந்து, தொழில்வாரியாகக் கதவடைப்பை விரிவாக்கினர். ஆகஸ்ட் 4 அன்று எல்.ஓ. பொது வேலைநிறுத்தத்தை அறிவித்தது. 3 லட்சம் பேர் வேலையை நிறுத்தினர். மருத்துவமனை, குடிநீர், விளக்கு, துப்புரவு போன்ற பணிகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. ஆனால் சங்கத்தின் நிதி சில வாரங்களில் கரைந்தது. நாடு ஸ்தம்பித்தாலும் அரசு தலையிடவில்லை. வேலைநிறுத்தம் தோல்வியில் முடிந்தது. ஏராளமானோர் வேலையிழந்தனர், பலர் குடும்பத்தோடு அமெரிக்காவுக்குக் கப்பலேறினர். அடுத்த சில ஆண்டுகளில் எல்.ஓ. தன் உறுப்பினர்களில் ஏறத்தாழ பாதிப் பேரை இழந்தது.

இத்தோல்வியிலிருந்து இரு வேறு முடிவுகள் எடுக்கப்பட்டன. தலைமை போதிய அளவு போராடவில்லை என்று கருதியவர்கள் 1910-இல் பிரிந்து சிண்டிக்கலிச சங்கத்தை அமைத்தனர். வேலைநிறுத்தத்தால் மட்டும் வெல்ல முடியாது, அரசு அதிகாரம் கையில் வேண்டும் என்று கருதியவர்கள் கட்சியை வலுப்படுத்தினர். பெரும்பான்மையினர் இரண்டாவது வழியைத் தேர்ந்தனர்.

ஓடாலன் துப்பாக்கிச் சூடு

1920-இல் பிரான்டிங் பிரதமரானார். ஆனால் 1920-களில் அமைந்த சமூக ஜனநாயக அரசுகள் எல்லாம் நாடாளுமன்றப் பெரும்பான்மை இல்லாத குறுகிய கால அரசுகளே. அவற்றுள் இரண்டு, 1923-இலும் 1926-இலும், ஒரே வகைச் சிக்கலில் கவிழ்ந்தன. வேலையற்றோருக்கு நிவாரணம் வழங்கிய அரசு ஆணையம், அவர்களை வேலைநிறுத்தம் நடக்கும் இடங்களுக்கு அனுப்பலாமா என்பதே அந்தச் சிக்கல். அதாவது, பசித்தவனைக் கருங்காலியாக்க அரசுப் பணத்தைப் பயன்படுத்தலாமா என்பது கேள்வி.

1931 மே 14 அன்று வடபகுதியிலுள்ள ஓடாலன் பள்ளத்தாக்கில், கருங்காலிகளைக் கொண்டுவந்ததை எதிர்த்துத் தொழிலாளர்கள் ஊர்வலம் சென்றபோது படையினர் சுட்டனர். ஐந்து பேர் இறந்தனர். அவர்களுள் ஒருவர் ஊர்வலத்தில் கலந்துகொள்ளாமல் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த இளம்பெண். தொழில் தகராறுகளில் இராணுவத்தை இறக்கும் வழக்கத்துக்கு எதிராக நாடெங்கும் கருத்து திரண்டது.

அடுத்த ஆண்டு மார்ச்சில் 'தீக்குச்சி மன்னர்' எனப்பட்ட இவார் குரூகரின் நிதிப் பேரரசு சரிந்தது. அவர் பாரிஸில் தற்கொலை செய்துகொண்டார். குரூகரின் ஸ்வீடிஷ் மேட்ச் நிறுவனம்தான் 1923-இல் இந்தியாவில் விம்கோ தீப்பெட்டி நிறுவனத்தைத் தொடங்கியது. சென்னைக்கு வடக்கே உள்ள விம்கோ நகர் அத்தொழிற்சாலையின் பெயரைத் தாங்கியது. குரூகரின் வீழ்ச்சி ஸ்வீடனில் ஆயிரக்கணக்கானோரின் சேமிப்பை அழித்ததோடு, தனியார் பெருமுதலாளிகள் மீதான நம்பிக்கையையும் குலைத்தது.

1933: தொழிலாளரும் விவசாயியும்

1932 தேர்தலில் சமூக ஜனநாயகக் கட்சி 230 இடங்களில் 104 இடங்களை வென்றது. பிரதமரானவர் பேர் ஆல்பின் ஹான்சன். நாடு ஒரு நல்ல வீட்டைப்போல் இருக்க வேண்டும், அங்கே செல்லப்பிள்ளையும் மாற்றாந்தாய்ப் பிள்ளையும் இருக்கக் கூடாது என்ற 'மக்களின் இல்லம்' கருத்தை 1928-இல் நாடாளுமன்றத்தில் முன்வைத்தவர் இவர். நிதியமைச்சரான எர்ன்ஸ்ட் விக்ஃபோர்ஸ், மந்த காலத்தில் அரசு செலவைச் சுருக்காமல் கடன் வாங்கியாவது வேலைகளை உருவாக்க வேண்டும் என்று வாதிட்டார். கெயின்சின் புகழ்பெற்ற நூல் வெளிவந்தது 1936-இல்தான் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது.

பெரும்பான்மை இல்லாத அரசு இதை எப்படி நிறைவேற்றுவது? 1933 மே மாதம் விவசாயிகள் கட்சியுடன் ஓர் உடன்பாடு செய்யப்பட்டது. ஸ்வீடன் மக்கள் இதைக் கிண்டலாக 'மாட்டு பேரம்' என்றனர். வேளாண் பொருள்களுக்கு விலைப் பாதுகாப்பு தர சமூக ஜனநாயகவாதிகள் இசைந்தனர். இதனால் நகரத் தொழிலாளி வெண்ணெய்க்குக் கூடுதல் விலை தர நேர்ந்தது. பதிலுக்கு, பொதுப்பணிகளில் வேலையற்றோருக்குச் சந்தைக் கூலியே தருவதை விவசாயிகள் கட்சி ஆதரித்தது. அதே காலத்தில் ஜெர்மனியில் வேலையின்மை ஹிட்லரின் ஆட்சிக்கு வழிவிட்டிருந்தது. ஸ்வீடனில் தொழிலாளரும் விவசாயியும் ஒரே பக்கம் நின்றதால் பாசிசம் காலூன்ற இடம் கிடைக்கவில்லை என்று வரலாற்றாசிரியர்கள் பலர் மதிப்பிடுகின்றனர்.

இந்த உடன்பாட்டுக்கு ஒரு விலையும் இருந்தது. 1933 ஏப்ரல் முதல் கட்டுமானத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்தனர். அது நீடித்தால் பொதுப்பணித் திட்டமே நின்றுவிடும் நிலை. 1934 பிப்ரவரியில் எல்.ஓ. தலைமை அவர்களை நிர்ப்பந்தித்துப் போராட்டத்தை முடித்துவைத்தது. மற்ற தொழிலாளர்களைவிடக் கூடுதல் கூலி பெற்றவர்கள் அவர்கள் என்பது உண்மையே. ஆயினும், தங்கள் சங்கமே தங்களைப் பணிய வைத்தது என்ற மனக்குறை அவர்களிடம் இருந்தது. ஒரு பிரிவின் உரிமையா, வர்க்கம் முழுவதன் நலனா என்ற கேள்வி இங்கே முதன்முறையாகக் கூர்மையாக எழுந்தது.

அதே ஆண்டில் வேலையின்மைக் காப்பீட்டுச் சட்டம் வந்தது. காப்பீட்டு நிதியை நிர்வகிக்கும் பொறுப்பு தொழிற்சங்கங்களிடமே இருந்தது. அரசு மானியம் தந்தது. தொழிலாளி சங்கத்தில் சேர்வதற்கு இது நிலையான காரணமாயிற்று.

சால்ட்ஷோபாடன் ஒப்பந்தம்

1938 டிசம்பரில், ஸ்டாக்ஹோம் அருகிலுள்ள சால்ட்ஷோபாடன் கடற்கரை விடுதியில் எல்.ஓ.வும் எஸ்.ஏ.எஃப்.பும் ஓர் அடிப்படை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. தகராறு எழுந்தால் முதலில் பேச்சுவார்த்தை நடத்துவது, ஆட்குறைப்புக்கு முன்னறிவிப்பு தருவது, பொதுமக்களைப் பாதிக்கும் போராட்டங்களைக் கட்டுப்படுத்துவது ஆகியவற்றுக்கான நடைமுறைகளை அது வகுத்தது. அரசு சட்டம் போட்டுத் தலையிடுமுன் இரு தரப்பும் தாமே ஒழுங்கு செய்துகொண்டன. வேலைநிறுத்தங்களுக்குப் பேர்போன நாடாக இருந்த ஸ்வீடன், தொழில் அமைதிக்கு எடுத்துக்காட்டாக மாறியது. ஆலைக்குள் வேலையை நிர்வகிக்கும் முதலாளியின் உரிமை மட்டும் அப்படியே நீடித்தது.

ரேன் – மெய்ட்னர் திட்டம்

யோஸ்தா ரேன், ருடால்ஃப் மெய்ட்னர் இருவரும் எல்.ஓ.வின் பொருளாதார அறிஞர்கள். மெய்ட்னர் 1933-இல் நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி வந்தவர். இவர்கள் உருவாக்கிய திட்டம் 1951 எல்.ஓ. மாநாட்டில் வைக்கப்பட்டது. அதன் மையம், ஒரே வேலைக்கு எந்த நிறுவனத்திலும் ஒரே கூலி என்ற கொள்கை.

ஒரு கற்பனைக் கணக்கால் இதை விளக்கலாம். நல்ல லாபம் ஈட்டும் 'அ' ஆலை மணிக்கு 12 குரோனா தர முடியும். நலிந்த 'ஆ' ஆலையால் 8 குரோனாதான் தர முடியும். சங்கம் இரண்டிலும் 10 குரோனா கேட்கிறது. 'ஆ' ஆலை தன்னைச் சீரமைக்க வேண்டும். இல்லையேல் மூட வேண்டும். மூடினால் அதன் தொழிலாளர்களுக்கு அரசு பயிற்சியும், இடம்பெயரும் செலவும் தந்து 'அ' போன்ற வளரும் ஆலைகளுக்கு அனுப்பும். இவ்வாறு கூலி ஏற்றத்தாழ்வு குறையும், பணவீக்கம் கட்டுக்குள் இருக்கும், தொழில்துறையும் நவீனமாகும்.

1950-களின் நடுப்பகுதியிலிருந்து எல்.ஓ.வும் எஸ்.ஏ.எஃப்.பும் நாடு முழுவதற்கும் மையமாகக் கூலி பேசத் தொடங்கின. பெண்களுக்கெனத் தனியே இருந்த குறைந்த கூலிப் பட்டியலை நீக்க 1960-இல் உடன்பாடு ஏற்பட்டது. கூலி வேறுபாடுகள் கணிசமாகக் குறைந்தன.

இத்திட்டத்தில் இரண்டு இடர்ப்பாடுகள் இருந்தன. வடபகுதி ஊர்கள் ஆளற்றுப் போயின. இளைஞர்கள் மூட்டைகட்டித் தெற்கே சென்றனர். அடுத்து, மேற்சொன்ன கணக்கில் 'அ' ஆலை தரத் தயாராக இருந்த 12-இல் 2 குரோனா அதன் முதலாளியிடமே தங்கியது. தொழிலாளர்கள் ஒற்றுமைக்காக விட்டுக்கொடுத்த கூலி, பெருநிறுவனங்களின் மிகை லாபமாகக் குவிந்தது.

ஒரு வாக்கில் வந்த ஓய்வூதியம்

அரசு ஊழியர்களும் அலுவலர்களும் ஓய்வுக்குப் பின் நல்ல ஓய்வூதியம் பெற்றனர். ஆலைத் தொழிலாளிக்குக் கிடைத்தது அரசின் அடிப்படை ஓய்வூதியம் மட்டுமே. வருமானத்தோடு இணைந்த கட்டாய ஓய்வூதியம் எல்லோருக்கும் வேண்டும் என எல்.ஓ. கோரியது. 1957-இல் பொது வாக்கெடுப்பும், 1958-இல் அவை கலைப்பும் தேர்தலும் நடந்தன. 1959-இல் இரண்டாம் அவையில் மசோதா 115-க்கு 114 என்ற கணக்கில் நிறைவேறியது. எதிர்த்த தாராளவாதக் கட்சியின் உறுப்பினரும் தொழிலாளியுமான தூரே கோனிக்சன் வாக்களிக்காமல் விலகியதே இதற்குக் காரணம்.

அன்றைய பிரதமர் தாகே எர்லாண்டர் 1946 முதல் 1969 வரை தொடர்ந்து 23 ஆண்டுகள் பதவியில் இருந்தார். குழந்தைப் படி, கட்டாய மருத்துவக் காப்பீடு, ஒன்பதாண்டு பொதுப்பள்ளி ஆகியவை அவர் காலத்தில் வந்தவை.

கிருணாவும் ஊதியம் பெறுவோர் நிதியும்

1969 டிசம்பரில் கிருணா பகுதி இரும்புச் சுரங்கத் தொழிலாளர்கள் சங்கத்தின் அனுமதியின்றி வேலைநிறுத்தம் செய்தனர். ஏறத்தாழ இரண்டு மாதம் அது நீடித்தது. துண்டு வேலைக் கூலி முறையையும், மேலாளர்களின் கெடுபிடியையும் அவர்கள் எதிர்த்தனர். அச்சுரங்க நிறுவனம் தனியாருடையதன்று, அரசுடையது. நலத்திட்டங்கள் எத்தனை வந்தாலும் வேலையிடத்தில் தங்கள் சொல்லுக்கு மதிப்பில்லை என்பதை அவர்கள் நாட்டுக்கு உணர்த்தினர். இதன் பிறகு, 1974-இல் வேலைப் பாதுகாப்புச் சட்டமும், 1976-இல் கூட்டு முடிவெடுப்புச் சட்டமும் வந்தன. 1906-இல் விட்டுக்கொடுத்த உரிமையில் ஒரு பகுதி திரும்பக் கிடைத்தது.

மிகை லாபப் பிரச்சினைக்கு மெய்ட்னர் குழு 1975-இல் ஒரு தீர்வை முன்வைத்தது. பெரிய நிறுவனங்கள் தங்கள் ஆண்டு லாபத்தில் 20 விழுக்காட்டைப் புதிய பங்குகளாக்கி, தொழிற்சங்கங்கள் நிர்வகிக்கும் நிதிக்கு வழங்க வேண்டும். பணம் நிறுவனத்தைவிட்டு வெளியேறாது. உரிமை மட்டும் மாறும். சில பத்தாண்டுகளில் பெருநிறுவனங்களின் பெரும்பான்மைப் பங்கு தொழிலாளரின் கூட்டு உடைமையாகிவிடும். 1976 எல்.ஓ. மாநாடு இதை ஏற்றது.

கட்சித் தலைவர் உலோஃப் பால்மேவும் அவர் சகாக்களும் தயங்கினர். அதே ஆண்டுத் தேர்தலில் கட்சி தோற்றது. இதில் அணுமின் நிலையப் பிரச்சினைக்கும் பங்குண்டு. 1982-இல் கட்சி ஆட்சிக்குத் திரும்பி, மிகவும் நீர்த்துப்போன ஒரு மசோதாவைக் கொண்டுவந்தது. 1983 அக்டோபர் 4 அன்று ஸ்டாக்ஹோமில் தொழிலதிபர்களும் சிறுவணிகர்களுமாகப் பல்லாயிரவர் எதிர்த்து ஊர்வலம் சென்றனர். டிசம்பரில் மசோதா நிறைவேறிய வேளையில், நிதியமைச்சர் ஷெல்-உலோஃப் ஃபெல்ட் அந்நிதியைக் கேலி செய்து தாளில் எழுதிக்கொண்டிருந்த பாடலை ஒரு பத்திரிகைப் புகைப்படம் அம்பலப்படுத்தியது. தம் திட்டத்தையே நம்பாத அரசால் அதை மக்களிடம் கொண்டுசெல்ல இயலவில்லை. 1991-இல் பதவியேற்ற வலதுசாரி அரசு நிதிகளைக் கலைத்தது. மையக் கூலிப் பேச்சிலிருந்து எஸ்.ஏ.எஃப். அதற்கு முந்தைய ஆண்டே விலகிவிட்டது.

மதிப்பீடு

வாக்குரிமை, ஓய்வூதியம், காப்பீடு போன்றவற்றில் இந்த இயக்கம் அடைந்த வெற்றிகளுக்குப் பொதுவான ஒரு தன்மை உண்டு. தொழிலாளர் அல்லாத ஒரு பிரிவினரும், அதாவது தாராளவாதிகளோ விவசாயிகளோ அலுவலர்களோ, அவற்றால் பயன்பெற்றனர் அல்லது அவற்றை ஏற்றனர். ஊதியம் பெறுவோர் நிதிக்கு அத்தகைய கூட்டாளி யாரும் கிடைக்கவில்லை. சங்கத் தலைமை நிர்வகிக்கும் நிதியில் தனக்கு நேரடியாக என்ன கிடைக்கும் என்பது சாதாரண உறுப்பினருக்கே விளங்கவில்லை. உற்பத்தியின் பயனைப் பகிர்வதில் இசைந்த முதலாளிகள், உடைமையைப் பகிரும் கட்டத்தில் முழு வலுவோடு எதிர்த்தனர். தேர்தல் வழியில் உடைமை மாற்றம் இயலாது என்பதற்கு இது சான்று என்பர் சிலர். மக்களைத் திரட்டாமல் வல்லுநர் குழு வழியாகச் செய்ததே பிழை என்பர் வேறு சிலர்.

சங்கங்கள் இன்னும் வலுவாகவே உள்ளன. ஊழியர்களில் பத்துக்கு ஏறத்தாழ ஏழு பேர் சங்க உறுப்பினர்கள். ஸ்வீடனில் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் இல்லை. கூட்டு ஒப்பந்தங்களே அந்த வேலையைச் செய்கின்றன. 2023 அக்டோபரில் டெஸ்லா நிறுவனம் கூட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட மறுத்தபோது உலோகத் தொழிலாளர் சங்கம் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. துறைமுகத் தொழிலாளரும் அஞ்சல் ஊழியரும் அதற்குத் துணை நின்றனர். சுன்ட்ஸ்வாலில் 1879-இல் இல்லாதிருந்த சங்கமும் போராட்ட நிதியும் அவர்களிடம் இன்று உண்டு.